மோட்டார் சைக்கிளும் முதுமையும்

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தொடங்கும் வயதைச் சட்டம் திட்டமாய்ச் சொல்லியிருக்கிறது. 18 வயது பூர்த்தியானவர் கியருள்ள வண்டிக்கு லைசென்ஸ் கேட்கலாம். எந்த வயதில் ஓட்டுவதை நிறுத்த வேண்டுமென்று அதே சட்டம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இதைச் சட்டத்தின் குறையென்று நாம் எண்ணவில்லை. எழுபது வயதில் நாள்தோறும் நாற்பது கிலோ மீட்டர் போய் வருகிறவரும் உண்டு. ஐம்பத்தைந்து வயதிலேயே தெருக்கோடிக் கடைக்குச் செல்லத் தடுமாறுகிறவரும் உண்டு. இருவருக்கும் ஒரே கோடு கிழிப்பது நியாயமாகாது. ஆயினும், சட்டம் பேசாமல் விட்ட இடத்தில் மனிதன் தானே முடிவு செய்துகொள்ளக் கடமைப்பட்டவனாகிறான். அந்த முடிவை நம்மவரிற் பெரும்பாலோர் செய்வதில்லை. அவர்களுக்காக வேறு யாராவது செய்து விடுகிறார்கள்: மகன் செய்கிறான், அல்லது டாக்டர் செய்கிறார், அல்லது எதிரே வந்த லாரி செய்கிறது.

வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய இந்த விஷயத்திற்குப் பத்திரிகையில் இவ்வளவு இடமா என்று சில நேயர்கள் கேட்கலாம். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர் தொகை 1,68,491 என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. இவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளிற் சென்றவர்கள். அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல். 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். கேரளத்தை விட்டால் பெரிய மாகாணங்களில் இதுவே அதிகம். மேலும், இன்று முதுமையை அடைபவர்கள் மோட்டார் சைக்கிளிலேயே வாழ்நாளைக் கழித்த முதல் தலைமுறையினர். அவர்களுடைய தந்தையர் சைக்கிளிலும் பஸ்ஸிலும் சென்றவர்கள்; அவர்களுக்கு இப்பிரச்னை எழவில்லை. 1955-ம் வருஷத்தில் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டுத் திருவொற்றியூரிலிருந்து புல்லட் வண்டிகள் வரத் தொடங்கின. 1980-ம் வருஷத்தில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. முன்னது மிராசுதாரருக்கும் போலீஸாருக்கும் உரிய வாகனமாயிருந்தது. பின்னது பள்ளிக்கூட வாத்தியாரையும், பால்காரரையும், கட்சித் தொண்டரையும் சாலையில் ஏற்றியது. அன்று முப்பது வயதில் அவ்வண்டியில் ஏறியவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். வழிகாட்ட முன்னோர் அனுபவம் ஒன்றுமில்லாத ஒரு கேள்வி அவருக்கு முன்னால் நிற்கிறது.

நமது நேயர்களிற் பலர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். கிராமம் கிராமமாய்ச் சுற்றியவர்கள். வண்டியின் முன்புறத்தில் கொடி கட்டிக்கொண்டு தேர்தல் காலத்தில் இரவு பகல் பாராது உழைத்தவர்கள். அவர்களுக்கு இதில் தனிப்பட்ட அபாயம் ஒன்று இருக்கிறது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ம் வருஷத்து விதிகள் தடுக்கின்றன. ஆகவே பொதுக்கூட்டம் பத்து மணிக்குக் கலைகிறது. தலைவர் காரில் ஏறிப் போய்விடுகிறார். கூட்டத்தை ஏற்பாடு செய்த அறுபத்தெட்டு வயதுத் தொண்டர், மேடையைப் பிரிக்கச் சொல்லி, பந்தல்காரருக்குக் கணக்கு முடித்து, பதினொரு மணிக்குத் தம் பழைய வண்டியை உதைத்துக் கிளப்பி இருபது கிலோ மீட்டர் தூரம் தனியே போகிறார். பகலெல்லாம் அலைந்தவர், இரவு உணவு இன்னும் ஆகவில்லை. எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணிற் குத்துகிறது. இந்தச் சித்திரத்தில் மிகையொன்றுமில்லை என்பதை மாவட்டத் தலைநகரங்களில் உள்ளவர்கள் அறிவார்கள்.

முதுமையில் தேகத்தில் என்ன மாறுகிறதென்பதைச் சற்று விவரமாய்ப் பார்ப்பது நல்லது. பொதுவாக, "வயதாகி விட்டது" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. எது வயதாயிற்று என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது கண். இருபது வயதில் விழித்திரையை அடையும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் அடைகிறது. கண்ணின் பாவை சுருங்குவதும், உள்ளிருக்கும் லென்ஸ் மஞ்சளித்துத் தடிப்பதும் இதற்குக் காரணங்கள். பகலில் இக்குறை தெரியாது. அந்தி மயங்கும் நேரத்தில் தெரியும். எதிர் வெளிச்சம் கடந்து சென்ற பிறகு இளைஞன் கண் உடனே தெளிகிறது. முதியவர் கண் தெளியச் சில விநாடிகள் பிடிக்கின்றன. அந்தச் சில விநாடிகளில் அவர் சாலையைக் காணவில்லை, ஞாபகத்தில் ஓட்டுகிறார். கண் நீரழுத்த நோய் இன்னும் வஞ்சகமானது. அது நேர்ப் பார்வையை விட்டுவிட்டுப் பக்கப் பார்வையை ஓரத்திலிருந்து தின்று வரும். நோயாளிக்கு வலியில்லை, செய்தித்தாள் நன்றாய்ப் படிக்க முடிகிறது. ஆனால் சந்திலிருந்து ஓடிவரும் ஆட்டுக்குட்டி அவருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, அபாயத்தைக் கண்டது முதல் கை பிரேக்கைப் பிடிப்பது வரை ஆகும் காலம். இது வயதோடு நீளுகிறது என்பதில் ஐயமில்லை. மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. அரை விநாடி தாமதித்தால் 7 மீட்டர், அதாவது சுமார் 23 அடி, வண்டி தன் போக்கில் முன்னே சென்றுவிடுகிறது. சாலையைக் கடக்கும் குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே மிஞ்சவேண்டிய தூரமே பல சமயங்களில் அவ்வளவுதான்.

மூன்றாவது கால். நம் நாட்டில் இதைப் பேசுவோர் மிகக் குறைவு. ஆகையால் சற்று அழுத்திச் சொல்கிறோம். 2023-ம் வருஷத்தில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேலென மதிப்பிட்டது. நீரிழிவு பல வருஷம் நீடித்தால் பாதங்களின் உணர்ச்சி மழுங்குகிறது. செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததும் தெரியாதவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட பாதம் பின்சக்கரப் பிரேக்கின்மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதை எவ்வாறு அறியும்? இன்ஸுலின் அல்லது சில மாத்திரைகள் எடுத்துக்கொண்டு வேளைக்கு உண்ணாதவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழும். கை நடுங்கும், வேர்க்கும், புத்தி கலங்கும். முன் சொன்ன கூட்டத் தொண்டரை நேயர்கள் இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளலாம்.

மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் சில தூக்கத்தை வரவழைப்பவை. தூக்க மாத்திரையின் வேகம் மறுநாட் காலையிலும் முதியவர் உடலில் மிஞ்சியிருப்பதுண்டு. சிறுநீர்ப் பை அடைப்புக்குக் கொடுக்கும் மருந்துகளிற் சில, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தித் தலையைச் சுற்றச் செய்யும். டாக்டர் சீட்டெழுதும்போது, "நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன்" என்று சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. கேட்க அவருக்கும் நேரமிருப்பதில்லை. இதய நோய்க்காக ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தலையில் சிறு அடி பட்டாலும் அவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசியக்கூடும். அது சில நாட்கள் கழித்தே வெளிப்படலாம். "ஒன்றுமில்லை, லேசான சிராய்ப்பு" என்று வீட்டுக்கு வந்தவர் பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போவது இப்படித்தான்.

கழுத்து எலும்பு தேய்ந்தவர் வண்டியைத் திருப்புமுன் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை, கண்ணாடியை நம்புகிறார். கண்ணாடிக்குத் தெரியாத இடத்திலிருந்துதான் பஸ் வருகிறது. கடைசியாக, விழுந்தால் என்ன ஆகும் என்பது. அமெரிக்காவில் 2001-ம் வருஷம் முதல் 2008-ம் வருஷம் வரை ஆஸ்பத்திரிகளுக்கு வந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்களை ஆராய்ந்தபோது, இருபது முப்பது வயதுகளில் உள்ளவர்களைக் காட்டிலும் அறுபது கடந்தவர்கள் ஆஸ்பத்திரியிற் படுக்க நேர்ந்தது மூன்று மடங்கு என்று தெரிய வந்தது. இளைஞன் எழுந்து தூசி தட்டிக்கொண்டு போகும் அதே விழுகையில் முதியவரின் விலா எலும்பு முறிகிறது. முறிந்த விலாவோடு மூச்சை முழுதும் இழுக்க முடியாமல் நுரையீரலில் சளி கட்டுகிறது. விபத்து ஒரு விநாடி. விளைவு ஆறு மாதம்.

இவ்வளவையும் படித்தவர், "அப்படியானால் அறுபதாங் கல்யாணத்தன்றே சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதானா?" என்று கேட்பார். இல்லை. எதிர்க் கட்சியின் வாதத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நமது வழக்கமன்று.

நியூஸீலந்து தேசத்தில் இன்வெர்கார்கில் என்னும் ஊரில் பர்ட் மன்ரோ என்று ஒருவர் இருந்தார். 1899-ம் வருஷத்திற் பிறந்தவர். 1920-ம் வருஷத்தில் செய்யப்பட்ட "இந்தியன்" மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆயுள் முழுதும் அதைத் தாமே திருத்தித் திருத்தி வேகமேற்றி வந்தார். (இந்தியன் என்பது அமெரிக்கக் கம்பெனியின் பெயர், நம் தேசத்திற்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. நம்மவர் இதைப் பற்றிப் பெருமை கொள்ளக் காரணமில்லை.) 1967-ம் வருஷத்தில், தமது 68-வது வயதில், அமெரிக்காவின் உப்புப் பாலைவனமாகிய பானவில்லில் அதே வண்டியை மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டி, அவ்வகை வண்டிக்கான ரிக்கார்டை ஸ்தாபித்தார். நெஞ்சுவலி உள்ள மனிதர். வயதொன்றே தடையென்று சொல்வோருக்கு இவரைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

ஆனால் பானவில்லில் மாடு இல்லை. அறிவிப்புப் பலகையில்லாத வேகத்தடை இல்லை. தவறான பக்கத்தில் வரும் ஆட்டோ இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் உப்பு. வேகமாக ஓட்டுவது வேறு, பிறர் நடுவே ஓட்டுவது வேறு. மன்ரோவினுடைய வீரம் முதுமையிலும் கைத்திறன் நிலைக்கும் என்பதைத்தான் காட்டுகிறது. நமது சாலையில் கைத்திறன் இரண்டாம் பட்சம். எதிர்பாராததைக் கண்டுகொள்ளும் வேகமே முதற் பட்சம். முதலில் தேய்வதும் அதுவே.

ஜப்பானில் 2009-ம் வருஷத்தில் தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் கவாஷிமா நடத்திய ஆராய்ச்சியையும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். பல வருஷம் மோட்டார் சைக்கிளைத் தொடாதிருந்த நடுவயதினரை இரண்டு மாதம் மீண்டும் ஓட்டச் செய்ததில், அவர்களுடைய மூளைத் திறன் மேம்பட்டதாக அது கூறிற்று. யமாஹா கம்பெனியுடன் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. நெல் வியாபாரி சோற்றின் குணங்களைப் பேசுவதைப் போல அதையும் வைத்துக்கொள்ள வேண்டும். இதைவிட நாம் மதிக்கும் வாதம் வேறு. வண்டியை விட்டவன் வீட்டில் அடைபடுகிறான் என்பதே அது. மேல்நாடுகளில் முதியோர் கார் ஓட்டுவதை நிறுத்தியபின் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றிய பல ஆராய்ச்சிகளை 2016-ம் வருஷத்தில் ஒருங்கே திரட்டிப் பார்த்தபோது, ஓட்டுவதை நிறுத்தியவர்களுக்கு மனச் சோர்வு ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது. இதை அலட்சியமாய்த் தள்ளிவிட முடியாது. காலையில் டீக்கடைக்குப் போய் நாலு பத்திரிகை படித்து நாலு பேரிடம் வாதாடிவிட்டு வரும் மனிதனைத் திண்ணையில் உட்கார வைத்தால், எலும்பு முறியாமலே அவன் ஒடிந்து போகிறான்.

ஆகவே இரு பக்கமும் நஷ்டம் இருக்கிறது. எந்த நாளில் ஒரு நஷ்டம் மற்றதை மிஞ்சுகிறது என்பதே கேள்வி. அந்நாளை வயது காட்டாது. சில அடையாளங்கள் காட்டும்.

அவற்றில் முதலாவது ஓடும் வண்டியில் அன்று, நிற்கும் வண்டியில் தோன்றுகிறது. இன்றைய 350 புல்லட் வண்டியின் எடை ஏறக்குறைய 195 கிலோ. அதை நடு ஸ்டாண்டில் ஏற்ற முடியாமற் போவது, சரளையில் கால் ஊன்றியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து விழுவது, பெட்ரோல் பங்கில் பின்னுக்குத் தள்ள யாரையாவது கூப்பிடுவது, இவையே முதல் எச்சரிக்கைகள். அடுத்தது, பின்னாலிருந்து வரும் ஹாரன் சப்தம் முன்னைவிட அதிகமாய்த் தோன்றுவது. ஊரார் எல்லோரும் திடீரென்று பொறுமையிழந்து விட்டார்கள் என்று நாம் கோபிக்கிறோம். உண்மையில் நாம் சாலையின் நடுவே முப்பது கிலோ மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். திரும்பிய பிறகும் ஸிக்னல் விளக்கு மினுக்கிக்கொண்டே வருவது, பழகிய சந்து கடந்து போன பிறகு நினைவுக்கு வருவது, "நல்லவேளை" என்று வாரத்திற்கு இருமுறை சொல்ல நேர்வது, இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் நம்பத்தக்க சாட்சி ஒன்று உண்டு. நாற்பது வருஷம் பின்ஸீட்டில் உட்கார்ந்து வந்த மனைவி, "நீங்கள் முன்னே போங்கள், நான் ஆட்டோவில் வருகிறேன்" என்று சொல்லத் தொடங்கினால், அதற்குமேல் டாக்டர் ஸர்ட்டிபிகேட் எதற்கு?

வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடிய பரீக்ஷைகளும் உண்டு. லைசென்ஸுக்கு விண்ணப்பம் செய்பவர் கையெழுத்திடும் ஒன்றாம் நமூனாவைப் பலர் படிப்பதில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பரைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, சாதாரண ஹாரன் சப்தம் கேட்கிறதா என்று அதில் கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றிற்கும் ஏஜெண்டே பதில் எழுதிவிடுகிறார். அந்த 25 மீட்டரைத் தெருவில் அளந்து நின்று, பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மற்றொன்று, கண்ணைத் திறந்துகொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. 2022-ம் வருஷத்தில் பிரேஸில் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரையில், 51 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் இவ்வாறு நிற்க முடியாதவர்கள் அடுத்த சில வருஷங்களில் இறப்பது அதிகமாயிருந்ததாகக் கண்டார்கள். அது மோட்டார் சைக்கிளைப் பற்றிய ஆராய்ச்சியன்று. ஆயினும் நிற்கும் மோட்டார் சைக்கிளைத் தாங்குவது ஒற்றைக் கால்தான் என்பதால் நாம் அதை இங்கே கடன் வாங்குகிறோம்.

சட்டம் ஏற்படுத்தியிருக்கும் பரீக்ஷையோ பெயரளவில் நிற்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, 50 முதல் 55 வயதுக்குள் லைசென்ஸ் பெறுகிறவருக்கு 60 வயது வரையும், 55 கடந்தவருக்கு ஐந்து வருஷத்திற்கு ஒரு முறையுமே அது செல்லும். 40 வயதுக்கு மேற்பட்டவர் 1-ஏ நமூனாவில் டாக்டர் அத்தாட்சி கொடுக்க வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. முதியவரை ஐந்து வருஷத்திற்கு ஒரு முறையாவது உட்கார வைத்துக் கண்ணையும் காதையும் பார்க்க இதைவிடத் தக்க சந்தர்ப்பம் ஏது? ஆனால் பல இடங்களில் ஆளைப் பாராமலே கையெழுத்து விழுகிறது என்பது உலகறிந்த ரகசியம். ஏமாற்றப்படுபவர் சர்க்கார் அல்லர். கையெழுத்தை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியுடன் வீடு திரும்புகிறவரே.

முடிவு செய்வதென்றால் ஒரே நாளில் முழுதும் விடுவதென்று பொருளன்று. படிப்படியாய் இறங்குவதே விவேகம். முதலில் விட வேண்டியது இரவுப் பிரயாணம். இரண்டாவது, நான்கு வழிச் சாலை. மூன்றாவது, பின்ஸீட்டில் பிறரை ஏற்றுவது. முக்கியமாகப் பேரக் குழந்தைகளை ஏற்றுவது. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமையுண்டென்று வாதிக்கலாம். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் உயிரைப் பற்றி அவ்வாறு வாதிக்க இயலாது. நான்காவது மழை நாட்கள். இவ்வளவும் போனபின், ஊருக்குள் பகல் வெளிச்சத்தில் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருவது மிஞ்சும். அதை இன்னும் சில வருஷம் ஒருவர் அனுபவிக்கலாம். எந்த நிலையிலும் தலைக்கவசத்தை விடக் கூடாது. "இதோ, பக்கத்துத் தெருதானே" என்பவருக்குத் தரையின் கடினம் எல்லாத் தெருவிலும் ஒன்றே என்பதைத்தான் சொல்ல வேண்டும். 1935-ம் வருஷத்தில் லாரன்ஸ் என்னும் பிரசித்தி பெற்ற ஆங்கிலேயர், தலைக்கவசமில்லாமல் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவரான கெய்ர்ன்ஸ் என்னும் டாக்டர் அதன்பின் செய்த ஆராய்ச்சிதான் தலைக்கவசத்தின் பயனை உலகுக்கு நிரூபித்தது. லாரன்ஸ் வீழ்ந்ததும் தம் குடிசைக்கு அருகிலுள்ள பழகிய பாதையில்தான்.

கனமான வண்டியை விட்டு இலேசான வண்டிக்கு மாறுவதும் ஒரு படியே. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முப்பது வருஷம் அவ்வாறு பழகிய கால், புதிய வண்டியில் அவசர நேரத்தில் பிரேக்கென்று கியரை மிதிக்கும். கியரில்லாத ஸ்கூட்டரில் காலுக்கு வேலையே இல்லை. இரண்டு பிரேக்குகளும் கையில். இடக் கையில் கிளட்ச் இருந்த இடத்தில் பின் பிரேக் இருக்கிறது. அதன் சிறு சக்கரம் நமது சாலைப் பள்ளங்களில் அப்படியே இறங்கிவிடும். மின்சார ஸ்கூட்டர் சப்தமின்றி நிற்பதால் அது ஓடத் தயாராயிருப்பதை மறந்து கைப்பிடியைத் திருகிவிட்டவர்கள் உண்டு. ஆதலின் மாறுவதானால் அறுபது வயதளவில், புதிய பழக்கம் உடலில் ஊறக் கூடிய காலத்திலேயே மாற வேண்டும். எழுபத்தைந்தில் மாறுவது மாறாமலிருப்பதை விட அபாயம். மூன்று சக்கரமாய், பக்கச் சக்கரம் இணைத்து ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிற்கும்போது விழாதிருப்பது பெரிய பாக்கியம்.

இனி, பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. தகப்பனார் தூங்கும்போது சாவியை ஒளித்து வைப்பது, பிளக்கைக் கழற்றிவிட்டு வண்டி ரிப்பேர் என்பது, விருந்தினர் முன்னிலையில் "இவருக்குக் கண் தெரியவில்லை" என்று பேசுவது, இவையெல்லாம் அன்பினாலேயே செய்யப்படுகின்றன என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த வண்டியில்தான் அவர் உங்களைப் பரீக்ஷைக்கு அழைத்துச் சென்றார். இரவு இரண்டு மணிக்கு டாக்டரைக் கூட்டி வந்தார். அவரிடமிருந்து திருடனைப்போல் அதை எடுக்கலாகாது. மூன்று மாதம் அவரோடு பின்ஸீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். கண்டதைத் தனிமையில் சொல்லுங்கள். அதற்கும் மேலாக, அவர் வண்டியில் போகும் இடங்களுக்கெல்லாம் வண்டியில்லாமல் எப்படிப் போவார் என்பதற்கு விடையை முதலில் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "ஆட்டோவில் போங்கள்" என்பது விடையன்று. ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணத்தை மகனிடம் கேட்க வேண்டிய நிலைமையே அவர் வண்டியை விடாததற்குக் காரணமாயிருக்கலாம்.

இங்கேதான் விஷயம் வீட்டை விட்டு வெளியே வருகிறது. ஜப்பானில் 1998-ம் வருஷம் முதல் முதியோர் தாமாக லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முறை இருந்து வருகிறது. கொடுத்தவருக்கு ஓர் அத்தாட்சிச் சீட்டு அளிக்கப்படுகிறது. அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் கட்டணச் சலுகை உண்டு. 2019-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் டோக்கியோ நகரில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் ஒரு தாயையும் குழந்தையையும் கொன்றது. அவ்வருஷத்தில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் தாமே முன்வந்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்நாட்டு முதியவர்களின் மனச்சாட்சியைப் போற்றுகிறோம். ஆனால் நகரத்து முதியவர் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு நிமிஷத்திற்கு நிமிஷம் வரும் ரயிலில் ஏறினார் என்பதையும் மறக்கக் கூடாது.

நமது நாட்டில் சென்னைவாசிகளான அறுபது கடந்தவர்களுக்கு நகரப் பஸ்களில் மாதம் பத்து முறை இலவசமாய்ச் செல்ல 2016-ம் வருஷத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. ரயில்வேயில் முதியோருக்கிருந்த கட்டணச் சலுகை 2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் கொள்ளை நோயைக் காரணமாய்க் காட்டி நிறுத்தப்பட்டது. பஸ் போகாத கிராமங்களுக்கென்று 1997-ம் வருஷத்தில் மினி பஸ் திட்டம் கொண்டு வந்தார்கள், நல்ல திட்டந்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும், பாங்குக்கும், தாலுகா ஆபீஸுக்கும் போக வேண்டிய எழுபது வயது மனிதருக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு பஸ், மாலை ஐந்து மணிக்கு ஒரு பஸ் என்றால் அவர் என்ன செய்வார்? உயரமான படியில் ஏறுவதற்குள் விசில் ஊதப்படுகிறது. அவர் தம் பழைய வண்டியைத் துடைத்து எடுக்கிறார். அவரை நாம் பிடிவாதக்காரர் என்கிறோம். தாழ்ந்த படியுள்ள பஸ்ஸும், மணிக்கொரு தடவை வரும் பஸ்ஸும் எத்தனை விபத்துக்களைத் தடுக்கும் என்று சட்டசபையிற் கேட்கத்தக்க அங்கத்தினர்கள் நமது நேயர்களுக்குள் பலருக்கு அறிமுகமானவர்களே.

வண்டியை விடுவதென்று தீர்மானித்தபின் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. மன்ரோ தமது எழுபதுகளின் பிற்பகுதியில் பாரிச வாயு கண்டபின், இனி ஓட்ட முடியாதென்று அறிந்து, தம் வண்டிகள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்க வேண்டுமென்று விரும்பி, இன்வெர்கார்கில் வியாபாரி ஒருவருக்கு அவற்றை விற்றுவிட்டார். நம்மவர் விற்பதில்லை. "யாராவது ஓட்டட்டும்" என்று மருமகனிடமோ, தோட்டக்காரனிடமோ, கட்சி ஆபீஸ் பையனிடமோ கொடுத்துவிடுகிறார்கள். ரிஜிஸ்தர் புஸ்தகத்தில் பெயர் மாற்றுவதில்லை. சட்டப்படி, கைமாறிய 14 நாட்களுக்குள் கொடுத்தவர் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வரையில், புஸ்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்றும், விபத்து நஷ்ட ஈட்டிற்கு அவரே பொறுப்பாளி என்றும் 2018-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. இன்ஷூரன்ஸும் காலாவதியாகியிருந்தால் வீட்டை விற்று ஈடு கொடுக்க நேரும். ஆகவே சாவியைக் கொடுக்கும் அன்றே 29, 30-ம் நமூனாக்களில் கையெழுத்திட்டு, வாங்கியவரையும் கூட அழைத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து ஆபீஸுக்குப் போய் வந்துவிட வேண்டும். போகும்போது பின்ஸீட்டில் உட்கார்ந்து போகலாம்.